டெஸ்டோஸ்டிரோன் ஊசி: யாருக்கு மருந்து, யாருக்கு வினை?

ஆண்களின் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகவோ தோலில் தடவும் ஜெல்லாகவோ ஏற்றிக்கொண்டால் மாரடைப்பு வரும் என்ற அச்சம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகில் இருந்துவந்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னது. அறிவிப்பின் அந்த ஒரு வரி மட்டும் யூடியூப், இன்ஸ்டாகிராம் வழியாக நம் ஊர் ஜிம்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. அதே அறிவிப்பின் மற்ற வரிகள் வந்து சேரவில்லை.

வயது ஏற ஏறத் தானாகக் குறையும் டெஸ்டோஸ்டிரோனுக்காக இந்த மருந்தை எடுப்பதன் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்ற வாசகம் மருந்துக் குறிப்பில் அப்படியே நீடிக்க வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. இந்த மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்ற எச்சரிக்கை எல்லா வகைகளிலும் இடம்பெற வேண்டும் என்றும் சொன்னது. நீக்கியதைப் பற்றிப் பேசுகிறவர்கள், நீடிப்பதையும் சேர்த்ததையும் பற்றிப் பேசுவதில்லை.

இது யாரோ சிலரின் பிரச்சினை இல்லை. எப்போதும் சோர்வாக இருக்கிறதே என்று லேபில் 'முழு உடல் பரிசோதனை' செய்துகொள்ளும் முப்பது வயது ஐ.டி. ஊழியர், உடம்பை ஏற்ற வேண்டும் என்று ஜிம்முக்குப் போகும் கல்லூரி மாணவர், சுகர் வந்தபின் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் ஐம்பது வயதுக்காரர் என்று மூவருக்கும் இன்று ஒரே ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. மூவரில் ஒருவருக்கு அது உண்மையாகவே தேவைப்படலாம். இன்னொருவருக்கு அது அவர் விரும்பும் எதையும் தராமல் போகலாம். மற்றொருவரின் வாழ்வில் மிக முக்கியமான ஒன்றை அது பறித்துவிடலாம். யார் எவர் என்று பிரித்தறியாமல் "இந்த மருந்து நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பொருளில்லை.

உண்மையிலேயே குறைந்தவர்கள்

டெஸ்டோஸ்டிரோன் என்றாலே பலருக்குக் காமமும் தசையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதன் வேலை அதைவிடப் பெரிது. பையன்களுக்குக் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் அதனால்தான். எலும்பின் உறுதி, ரத்தச் சிவப்பணுக்களின் உற்பத்தி, தசையின் வலு, பாலுறவு நாட்டம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. விந்தகங்கள் அதைச் சுரக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது.

இந்த இரண்டு இடங்களில் எது பழுதானாலும் டெஸ்டோஸ்டிரோன் குறையும். பிறப்பிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. பருவ வயதில் வந்த பொன்னுக்குவீங்கி விந்தகங்களைத் தாக்கியிருக்கலாம். விந்தகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்திருக்கலாம். பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆடம்பரம் இல்லை. அது கிடைக்காவிட்டால் எலும்பு மெலியும், ரத்தசோகை வரும், தசை கரையும், மனமும் சோர்ந்துபோகும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் கொடுப்பதில் எவ்வளவு நியாயம் இருக்கிறதோ, அவ்வளவு நியாயம் இதிலும் இருக்கிறது.

இவர்களில் பலர் கண்டறியப்படாமலேயே வாழ்கிறார்கள் என்பதுதான் வேதனை. கிளைன்ஃபெல்டர் நிலை உள்ள பலருக்குக் கல்யாணமாகி, குழந்தையில்லை என்று மருத்துவரிடம் போகும்போதுதான் விஷயமே தெரியவருகிறது. பதினைந்து, பதினாறு வயதாகியும் குரல் உடையாத பையனை வகுப்பில் கேலி செய்கிறோம். "போகப்போகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்கிறோம். அந்த வயதில் ஒருமுறை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டியிருந்தால் அவனது எலும்பும் இளமையும் தன்னம்பிக்கையும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஊசியைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றிய கூச்சலில், அது தேவைப்படும் இந்தப் பிள்ளைகள் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது.

சோர்வுக்கு ஒரு பெயர் கிடைத்தது

ஆண் சுரப்பில் இளமையைத் தேடும் ஆசை பழையது. 1889-இல் பிரவுன் செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தமது 72-ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, வலிமை திரும்பிவிட்டது என்று பாரீஸில் அறிவித்தார். அந்தச் சாற்றில் பயன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதே பிற்கால அறிவியலின் முடிவு. வேலை செய்தது அவரது நம்பிக்கைதான். அசல் டெஸ்டோஸ்டிரோன் 1935-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆய்வகத்தில் தயாரிக்கவும்பட்டது. அதைத் தயாரித்த பூட்டெனான்ட், ருசிச்கா இருவரும் 1939-இல் நோபல் பரிசுக்குத் தேர்வானார்கள்.

அதன்பிறகு வெகுகாலம் இது அரிய நோய்களுக்கான மருந்தாகவே இருந்தது. 2000-இல் அமெரிக்காவில் தோலில் தடவும் ஜெல் அறிமுகமானதும் நிலைமை மாறியது. 'லோ டி' என்ற இரண்டு எழுத்துப் பெயருடன் தொலைக்காட்சி விளம்பரங்கள் வந்தன. சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா, எரிச்சல் அதிகமாகிறதா, முன்புபோல் ஓடியாட முடியவில்லையா என்பது போன்ற கேள்விகள் ஆண்களிடம் கேட்கப்பட்டன. நாற்பதைக் கடந்த எந்த ஆணும் இவற்றில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றுதான் சொல்வார். 2001-இல் அங்கு நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 0.81 சதவீதத்தினர் இந்த மருந்தை எடுத்தார்கள். 2011-இல் அது 2.91 சதவீதமானது. புதிதாகத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதற்கு முந்தைய ஓராண்டில் ஹார்மோன் அளவு பரிசோதிக்கப்பட்டதற்கான பதிவே இல்லை.

அப்படியானால் வயதானவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கிறது? ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. ரத்தத்தில் ஹார்மோன் குறைவாகவும், அதனுடன் பொருந்தும் மூன்று பாலியல் அறிகுறிகள் சேர்ந்தும் இருந்தவர்கள் வெறும் 2.1 சதவீதம்தான். சோர்வு என்பது எல்லோருக்கும் வரும். இந்தக் குறைபாடு நூறு பேரில் இரண்டு பேருக்கு வருவது.

இதய ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

மாரடைப்பு அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-இல், நடமாட்டம் குறைந்த முதியவர்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஹார்மோன் ஜெல் பூசியவர்களில் 23 பேருக்கு இதயம், ரத்தநாளம் தொடர்பான பாதிப்புகள் ஏற்பட்டன. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் ஐந்து பேருக்குத்தான் அப்படி நேர்ந்தது. அடுத்தடுத்து வந்த சில ஆய்வுகளும் அச்சத்தைக் கூட்டின. 2015-இல் எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பெரிய அளவில் ஆய்வு நடத்தி உண்மையைக் கண்டறியுமாறு மருந்து நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

அந்த உத்தரவின்படி நடந்ததுதான் 'டிராவர்ஸ்' ஆய்வு. இதய நோய் உள்ளவர்கள் அல்லது அது வரக்கூடிய நிலையில் இருப்பவர்கள், 45 முதல் 80 வயது வரை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் ஹார்மோன் அளவு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. 2023-இல் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து, மருந்து எடுத்தவர்களில் 7.0 சதவீதத்தினருக்கும், போலி ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேவையுள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதில் ஐயமில்லை.

புரோஸ்டேட் புற்றுநோய் வருமோ என்ற எண்பது ஆண்டுப் பயத்துக்கும் இதே ஆய்வு ஓரளவு பதில் சொன்னது. விந்தகங்களை அகற்றினால் புரோஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியதிலிருந்து தொடங்கிய பயம் அது. டிராவர்ஸில் இரு பிரிவினருக்கும் புற்றுநோய் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், புற்றுநோய் இருக்கக்கூடும் என்று பரிசோதனையில் தெரிந்தவர்களை முதலிலேயே விலக்கிவிட்டுத்தான் ஆய்வு தொடங்கியது. நம் ஊரில் ஊசி போடுவதற்கு முன் யார் அந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள்?

அதே ஆய்வு வேறு சிலவற்றையும் பதிவுசெய்தது. மருந்து எடுத்தவர்களுக்கு இதயத் துடிப்பு சீர்குலையும் நோய், நுரையீரல் ரத்தநாளத்தில் ரத்தக்கட்டி அடைப்பது, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்றுக் கூடுதலாகவே வந்தன. எலும்பு முறிவும் கூடியது. மருந்து எடுத்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு முறிவு ஏற்பட்டது. மற்றவர்களில் அது 2.5 சதவீதம். எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் மருந்து எலும்பு முறிவைக் குறைக்கும் என்றுதான் மருத்துவர்களே எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அந்த ஆய்வில் ரத்தத்தை அவ்வப்போது பரிசோதித்து, ஹார்மோன் அளவு இயல்பான எல்லைக்குள் நிற்கும்படி ஜெல்லின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். பங்கேற்றவர்களில் 61 சதவீதத்தினர் மருந்தை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுக்கும் குறைவாகவே மருந்து உடலில் சேர்ந்தது. ஆகவே, எந்தப் பரிசோதனையும் இல்லாமல், இயல்பைவிடப் பல மடங்கு அளவில், வாரம் தவறாமல் ஊசி ஏற்றிக்கொள்ளும் இருபத்தைந்து வயது இளைஞருக்கு அந்த ஆய்வு எந்த உத்தரவாதமும் தரவில்லை. "இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அமெரிக்காவே சொல்லிவிட்டது" என்று அவரிடம் சொல்கிறவர், வேறொருவரின் பரிசோதனை முடிவை அவர் கையில் கொடுக்கிறார்.

எதற்குப் பயன்?

65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2016 முதல் வெளிவந்தன. பாலுறவு நாட்டமும் செயல்பாடும் ஓரளவு மேம்பட்டன. ஓராண்டு முடிவில் அந்தப் பலனும் குறையத் தொடங்கியது. மனநிலையில் சிறு முன்னேற்றம் இருந்தது. ரத்தசோகை பலருக்குச் சரியானது. சோர்வு குறைந்து தெம்பு கூடுமா என்பதற்கு எதிர்பார்த்த விடை வரவில்லை. ஞாபக சக்தி கூடவே இல்லை.

பெரும்பாலானோர் எதற்காக ஊசி கேட்கிறார்களோ, அந்தச் சோர்வுக்கும் மறதிக்கும்தான் அது உதவவில்லை. அதனால்தான் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயதால் ஹார்மோன் குறைந்தவர்களுக்குப் பாலியல் செயல்பாடு குறைந்திருந்தால் மட்டும் இதைப் பற்றி ஆலோசிக்கலாம், தெம்புக்காகவும் நினைவாற்றலுக்காகவும் தர வேண்டாம் என்று கூறியது.

பாலியல் பிரச்சினையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிராவர்ஸ் ஆய்வில் ஆசை கூடியது, விறைப்புத்தன்மை மேம்படவில்லை. விறைப்புக் குறைவு பெரும்பாலும் ரத்தநாளத்தின் பிரச்சினை. ஆணுறுப்பின் ரத்தநாளங்கள் இதயத்தின் ரத்தநாளங்களைவிடச் சிறியவை. அடைப்பு அங்கே முதலில் தெரியும். சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். சுகர், பிரஷர், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து இதயத்தைச் சோதிக்க வேண்டிய இடத்தில், ஹார்மோன் ஊசி போட்டு அனுப்பினால் அந்த முன்னறிவிப்பு வீணாகிறது.

சுகர் உள்ளவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் தலைமையில் நடந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள ஆண்களில் மூவரில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருப்பதை 2004-இல் அமெரிக்காவில் பரேஷ் தண்டோனா குழுவினர் காட்டினார்கள். தொப்பை கூடக் கூட ஹார்மோன் குறைகிறது. தொப்பை கரைந்தால் மருந்தில்லாமலே கணிசமாக ஏறுகிறது. தூக்கமும் அப்படித்தான். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது, பகல் நேர ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்ததை 2011-இல் ஒரு சிறிய ஆய்வு பதிவுசெய்தது. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுச் சோர்ந்திருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கம்.

இதற்கு எதிர்த்தரப்பு வாதமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் ஆண்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியுடன் இரண்டு ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டவர்களில் 12 சதவீதத்தினரிடமே ஆய்வின் முடிவில் சர்க்கரை நோய் இருந்தது. போலி ஊசி போட்டவர்களில் அது 21 சதவீதம். புறந்தள்ளக்கூடிய முடிவு இல்லை இது. ஆனால், அதே ஆய்வில் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் ஆபத்தான அளவுக்குக் கெட்டியானது. தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், சர்க்கரை நோயைத் தடுக்க இந்த ஊசியைப் பொதுவாகப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தை வேண்டும் என்பவர்கள்

இனி, இந்த விவகாரத்தில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் பகுதிக்கு வருகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டும், ஆகவே குழந்தை பெறும் திறனையும் கூட்டும் என்றே நம் இளைஞர்களில் பலர் நினைக்கிறார்கள். அது தந்தையாகும் திறனை முடக்கும்.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் தானாக மோட்டார் ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். லாரித் தண்ணீரை வாங்கித் தொட்டியை நிறைத்துக்கொண்டே இருந்தால் மோட்டார் ஓடவே ஓடாது. பிட்யூட்டரியும் அப்படித்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து ரத்தத்தை நிறைத்ததும், விந்தகங்களுக்கு உத்தரவு அனுப்புவதை அது நிறுத்திவிடுகிறது. உத்தரவு நின்றால் விந்தகங்கள் ஹார்மோன் சுரப்பதையும் நிறுத்தும், விந்தணு உற்பத்தியையும் நிறுத்தும். விந்தணு உருவாக, விந்தகத்தின் உள்ளேயே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் இருக்க வேண்டும். வெளியிலிருந்து போடும் ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. விந்தகங்கள் சுருங்குவதும் இதனால்தான்.

இது அரிதாக வரும் பக்கவிளைவு இல்லை. இந்த விளைவை நம்பி, இதே மருந்தை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகப் பயன்படுத்தவே உலகச் சுகாதார நிறுவனம் ஆய்வு நடத்தியது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்ட ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்யமானது. சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மாதம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, நூற்றுக்குச் சுமார் 99 என்ற அளவில் கருத்தரிப்பைத் தடுத்தது. ஆண்மைக்காக என்று சொல்லி விற்கப்படும் அதே மருந்து!

நிறுத்தினால் திரும்புமா? பெரும்பாலும் திரும்பும். கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊசியை நிறுத்திய ஆறு மாதத்தில் 67 சதவீதத்தினருக்கும், ஓராண்டில் 90 சதவீதத்தினருக்கும் விந்தணு எண்ணிக்கை மீண்டது. சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆனது. இவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் நல்ல எண்ணிக்கை உடையவர்கள், அளவான மருந்து எடுத்தவர்கள். ஜிம்மில் 'சைக்கிள்' என்ற பெயரில் பல ஸ்டிராய்டுகளைக் கலந்து மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஊசியை நிறுத்தியதும் வெளிவரத்தும் இல்லை, சொந்தச் சுரப்பும் இன்னும் திரும்பவில்லை என்ற நிலையில் இளைஞர்கள் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். கடும் சோர்வு, மனச்சோர்வு, ஆசையின்மை எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது, "எனக்கு உண்மையிலேயே ஹார்மோன் இல்லை போலிருக்கிறது" என்று மறுபடியும் ஊசிக்கே போகிறார்கள். தேவையில்லாமல் தொடங்கிய ஒருவர் தேவைப்படுபவராகவே மாறிவிடும் பாதை இது.

நம் சமூகத்தில் கல்யாணமான மறுவருடமே "விசேஷம் ஒன்றுமில்லையா?" என்று கேட்பது மருமகளிடம்தான். பரிசோதனைக்கு முதலில் போவதும் அவள்தான். கணவன் இரண்டு வருடமாக ஊசி போட்டுக்கொண்டிருப்பது மருத்துவருக்கே தெரியாமல், அவளுக்கு ஸ்கேனும் ஹார்மோன் மாத்திரையும் எழுதப்படுகின்றன. அவள் சுமக்கும் அவப்பெயரை எந்த ஆய்விலும் யாரும் கணக்கிடுவதில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் பரிசோதனையைச் சரியாகச் செய்ய வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். சாப்பிட்டால் குறையும், காய்ச்சலில் குறையும், தூங்காவிட்டாலும் குறையும். ஆகவே காலையில், வெறும் வயிற்றில், உடல்நலம் நன்றாக இருக்கும்போது, வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை எடுத்த பரிசோதனையிலும் குறைவாக இருந்து, அதற்குரிய அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று கொள்ள வேண்டும். மாலையில் அலுவலகம் முடிந்து கொடுத்த ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்து யாராவது ஊசி எழுதினால், மறுபரிசோதனை கேளுங்கள்.

குறைவு உறுதியானபின் காரணத்தைக் கேளுங்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகிய ஹார்மோன் பரிசோதனைகள் பழுது விந்தகத்திலா, பிட்யூட்டரியிலா என்று காட்டும். பிட்யூட்டரி கட்டியை விட்டுவிட்டு ஊசி மட்டும் போடுவது பெரிய ஆபத்து. புரோஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருப்பவர்கள், குறட்டையுடன் மூச்சு நின்று நின்று தூங்கும் நோய்க்குச் சிகிச்சை எடுக்காதவர்கள் ஆகியோருக்கு இதைத் தொடங்கக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல்.

தொடங்கியவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், பின்பு ஆண்டுதோறும் ஹார்மோன் அளவு, ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் ஹீமட்டோக்ரிட், நாற்பது வயதைக் கடந்தவர் என்றால் புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தியாக வேண்டும். ஜெல் பூசுகிறவர்கள் கையைக் கழுவி, பூசிய இடத்தை உடையால் மூடிக்கொள்ள வேண்டும். அப்பாவின் தோளிலிருந்து மருந்து குழந்தையின் உடலில் ஒட்டி, சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் பருவ மாற்றங்கள் தோன்றியதால் 2009-இல் அமெரிக்காவில் இதற்கென்றே தனி எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. கர்ப்பிணி மனைவி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

குழந்தை பெறத் திட்டமிடுபவர் டெஸ்டோஸ்டிரோனைத் தொடவே கூடாது. உண்மையிலேயே குறைபாடு இருந்தால், பிட்யூட்டரியின் உத்தரவைப் போலவே செயல்பட்டு விந்தகத்தை வேலை செய்யவைக்கும் எச்.சி.ஜி. போன்ற மாற்று மருந்துகள் மருத்துவர்களிடம் இருக்கின்றன. "எனக்குக் குழந்தை வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே மருத்துவர் சொல்லி எடுத்துவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அவரையே போய்ப் பாருங்கள்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் 'எச்' அட்டவணை மருந்து. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஜிம்களுக்கும் மெடிக்கல் ஷாப்களுக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் இடையே இந்த விதி எங்கே காணாமல் போகிறது என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தேடிப் பிடிக்க வேண்டும். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது சமூக ஊடகம் இல்லை. இன்று ரீல்ஸ் போடும் உடற்பயிற்சிப் பிரபலங்கள் வரை அதை நீட்டிக்க வேண்டும். ஊசி மருந்தின் அட்டையில், 'இது விந்தணு உற்பத்தியை நிறுத்தும்' என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும்.

குழந்தையின்மைக்காக வரும் தம்பதியரில் கணவரின் விந்தணுப் பரிசோதனையை மனைவியின் பரிசோதனைகளுடன் முதல் வருகையிலேயே செய்வதை அரசு மருத்துவமனைகளும் தனியார் கருத்தரிப்பு மையங்களும் கட்டாயமாக்க வேண்டும். அன்றே கணவரைத் தனியாக அழைத்து, ஜிம்மில் ஊசி போட்டதுண்டா, எப்போது, எவ்வளவு காலம் என்று மருத்துவர் கேட்டு, மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். 'ஆமாம்' என்று பதில் வந்தால், முதலில் ஊசியை நிறுத்தி, அவருக்குச் சிகிச்சை தொடங்கி, சில மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மனைவிக்கு மருந்து எழுதுவதைப் பற்றி அதன்பிறகு முடிவெடுக்கலாம்.